முதலாண்டில் துறையைத் தேர்ந்தெடுக்க மூன்றாமாண்டு ஆய்வகத்தைப் பாருங்கள்

“எல்லாப் பிரிவினருக்கும் பொதுவான முதலாண்டில் சேர்ந்திருக்கிறேன். ஆண்டு முடிவதற்குள் எந்தப் பொறியியல் துறை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாமே ஓரளவு பிடித்திருக்கிறது. இதுதான் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. எப்படி முடிவு செய்வது?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நிலையில் நானும் நின்றிருக்கிறேன். சுற்றியிருந்த பலருடைய அறிவுரைக்கு மாறாக வேதிப் பொறியியலை எடுத்து, இன்றுவரை அதிலேயே மனநிறைவோடு வேலை பார்த்து வருவதால், இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு துறை கடைசியில் எதைச் செய்து காட்டுகிறது என்பதை வைத்து அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதைச் செய்து முடிப்பதற்கு முன் அத்துறையினர் நாள் முழுவதும் எதனோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பதைப் பாருங்கள். விண்கலம் எல்லோருக்கும்தான் பிடிக்கும். ஆனால் விண்கலத்தின் ஒரு குழாய் இணைப்பு அதிர்வில் தளருமா என்று மாதக்கணக்கில் கணக்குப் போடுவது எல்லோருக்கும் பிடிக்காது. அந்த இரண்டாவது வேலையைப் படிக்கும் காலத்திலேயே கண்ணால் பார்ப்பதற்கு ஏற்ற இடம் மூன்றாமாண்டு மாணவர்களின் ஆய்வகம்.

நீங்கள் இப்போது படிக்கும் நுண்கணிதம், இயற்பியல், வேதியியல், நிரலாக்கம், வரைபடம் ஆகிய பாடங்கள் இந்தக் கேள்விக்கு விடை தரவில்லை என்றால், குறை உங்களிடம் இல்லை. எல்லாத் துறைகளுக்கும் அடித்தளமாக இருப்பதாலேயே அவை எந்தத் துறையின் முகத்தையும் தனியாகக் காட்டுவதில்லை. துறை அறிமுகம் என்று நடத்தப்படும் உரைகளும் பெரிதாக உதவுவதில்லை. நான் படித்த இடத்தில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ஒருவர் பாலத்தைக் காட்டினார், ஒருவர் இயந்திரக் கையைக் காட்டினார், ஒருவர் செயற்கைக்கோளைக் காட்டினார். முடிந்தவற்றின் படங்கள்தாம் எல்லாமே. கேட்டுவிட்டு வெளியே வந்த எங்களில் பெரும்பாலோர், எந்தப் பேச்சாளர் நன்றாகப் பேசினாரோ அவருடைய துறையைத்தான் நல்ல துறை என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அதன்பின் நான் செய்தது எளிய காரியம். ஒவ்வொரு துறையின் ஆய்வகப் பொறுப்பாளரிடமும் சென்று, மூன்றாமாண்டு வகுப்பு நடக்கும்போது ஓரமாக நின்று பார்க்கலாமா, எதையும் தொட மாட்டேன் என்று கேட்டேன். பெரும்பாலானவர்கள் சம்மதித்தார்கள், சிலர் பாதுகாப்புக் கண்ணாடியைக் கொடுத்து அருகிலேயே நிற்கச் சொன்னார்கள். ஒரு துறையில் மட்டும், இடம் கிடைத்த பிறகு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தேர்ந்தெடுப்பதற்காகப் பார்க்க வருகிறவரிடம் தேர்ந்தெடுத்த பின் வா என்று சொல்வது எந்த வகையில் நியாயம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

வேதிப் பொறியியல் ஆய்வகத்தில் ஆளுயரத்துக்கு மேல் நின்ற ஒரு கண்ணாடி வடிகோபுரத்தில் எத்தனாலையும் நீரையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அடியில் கொதிகலன், உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகத் துளைத் தட்டுகள். எத்தனால் ஏறத்தாழ 78 டிகிரி செல்சியசிலும் நீர் 100 டிகிரியிலும் கொதிக்கும் என்பது பள்ளியிலேயே தெரிந்த செய்தி. ஆனால் அந்த வேறுபாடு ஒவ்வொரு தட்டாக மேலே ஏறிச் செல்வதை அன்றுதான் பார்த்தேன். ஆவி எட்டும்போது தட்டில் நுரை எழும். கொஞ்ச நேரத்தில் அதற்கு மேலுள்ள தட்டு விழித்துக்கொள்ளும். வெப்பத்தைச் சற்றுக் கூட்டினால் ஏறும் ஆவி இறங்க வேண்டிய திரவத்தைத் தடுத்து, தட்டுகள் நிரம்பி, கோபுரம் முழுதும் களகளவென்று கலங்கிவிடும். உடனே வெப்பத்தைக் குறைத்துவிட்டு, பழைய நிலை திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு உயரமான கோபுரம் கட்டினாலும் சாதாரண அழுத்தத்தில் எடைக்கணக்கில் ஏறத்தாழ 95.6 விழுக்காட்டுக்கு மேல் எத்தனாலைத் தூய்மையாக்க முடியாது, அந்த அளவில் ஆவியும் திரவமும் ஒரே கலவையாகிவிடும் என்பதையும் அங்கே ஒரு மாணவர்தான் எனக்கு விளக்கினார்.

என்னைப் பிடித்து நிறுத்தியது கோபுரத்தின் அழகைவிட அதன் பின் வந்த கணக்கு. உள்ளே செலுத்திய எத்தனால், மேலே வந்ததும் கீழே தங்கியதும் சேர்ந்த அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். அன்று கணக்கு இடித்தது. உள்ளே சென்றதில் ஒரு பங்கைக் காணவில்லை. அந்தக் குழுவினர், கலவையில் எத்தனால் எவ்வளவு என்று ஒளி வளைவதை வைத்துக் காட்டும் ஒளிவிலகல்மானியில் மாதிரிகளை மறுபடி அளந்தார்கள், தராசைச் சரிபார்த்தார்கள், கோபுரத்துக்குள் இன்னும் எவ்வளவு தங்கியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கடைசியில் ஒரு மாணவி, மேலே வரும் ஆவியைத் திரவமாக்கும் குளிர்விப்பியின் வெளியேற்றுக் குழாயில் புறங்கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருக்க வேண்டிய குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. குளிர்நீரின் ஓட்டம் போதாமல் ஆவியின் ஒரு பகுதி திரவமாகாமலே வெளியேறிக்கொண்டிருந்தது. வகுப்பு முடிந்து பிறர் கிளம்பிய பிறகும், காணாமல் போன அளவு அந்தக் கசிவுக்குப் பொருந்துகிறதா என்று அவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள், நானும் நகரவில்லை. உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் கணக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இயல்பாகவே இருக்கிறது என்பதை அங்கேதான் கண்டுகொண்டேன். இன்று நான் பார்க்கும் வேலையும் பெரும்பாலும் அதுதான். கோபுரங்கள் மட்டும் பெரியவை.

எல்லோரும் வேதிப் பொறியியல் படிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதே ஆய்வகத்துக்கு என்னோடு வந்த தோழிக்கு அந்தக் காத்திருப்பு பெரும் சலிப்பைத் தந்தது. மின்னணு ஆய்வகத்தில் ஒரு மின்தடையை மாற்றியவுடன் ஆஸிலோஸ்கோப் திரையில் அலை உருமாறியதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது. இதிலிருந்து எனக்குக் கிடைத்த அளவுகோல் ஒன்று உண்டு. நீங்கள் ஒன்றைச் செய்தால், அது சரியா தவறா என்ற பதில் உங்களை வந்தடைய எவ்வளவு நேரமாகிறது என்பதில் துறைகள் வெகுவாக வேறுபடுகின்றன. நிரலில் பிழை இருந்தால் பல நேரங்களில் சில நொடிகளில் தெரியும். மின்சுற்றில் சில நிமிடங்கள். வடிகோபுரம் நிலைப்பட மணிக்கணக்காகும். கான்கிரீட்டின் வலிமையை வழக்கமாக 28ஆம் நாளில்தான் அளந்து முடிவு சொல்கிறார்கள். இன்று கலந்து வார்த்த கனசதுரத்தை நீரில் மூழ்க வைத்து, அதன் பதிலுக்கு நான்கு வாரம் பொறுத்திருக்க வேண்டும். அதை அமுக்கு இயந்திரத்தில் வைத்து, பக்கங்கள் பிளந்து உதிர்வதைப் பார்க்கும் குடிசார் பொறியியல் மாணவர்களின் அமைதி வேறு வகையானது. உடனடிப் பதிலில் ஊக்கம் பெறுகிறவரா, நெடுநேரம் பதிலே வராவிட்டாலும் ஒன்றைக் கைவிடாதவரா என்பது மதிப்பெண் பட்டியலில் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்பதும் துறைக்குத் துறை மாறும். 1981ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி நகரில் ஹயாத் ரீஜென்சி விடுதியின் தொங்கு நடைபாதைகள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். இரண்டு நடைபாதைகளையும் ஒரே நீண்ட கம்பி தாங்குவதாக இருந்த வடிவமைப்பு, இரண்டு தனித்தனிக் கம்பிகளாக மாற்றப்பட்டது. காகிதத்தில் அது சிறிய மாற்றம்தான். ஆனால் மேல் நடைபாதையின் இணைப்பு, தன் சுமையோடு கீழ் நடைபாதையின் சுமையையும் சேர்த்துத் தாங்க வேண்டியதாயிற்று. குடிசார் பொறியியலை நினைப்பவர்கள் வானளாவும் கட்டடங்களின் படங்களைப் பார்ப்பதைவிட அந்த இணைப்பின் வரைபடத்தை உட்கார்ந்து பார்க்கலாம். சுமை எதிலிருந்து எதற்கு இறங்குகிறது என்று பென்சிலால் தொடர்ந்து செல்லும் ஆவல் உங்களுக்கு வருமானால், அது நல்ல அறிகுறி.

இங்கே சிலர் மறுப்புச் சொல்வார்கள் என்று தெரியும். வேலைவாய்ப்பையும் ஊதியத்தையும் பார்க்காமல் ஆர்வத்தைப் பற்றிப் பேசுவது வசதியுள்ளவர்களுக்கே பொருந்தும் என்பார்கள். வேலைவாய்ப்பைப் பார்க்க வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. படிப்புக் கடனோடு வெளியே வருகிறவருக்கு அது முதல் கேள்வியாகவும் இருக்கலாம். ஆனால் இன்றைய நிலவரத்தை வைத்து எடுக்கும் முடிவின் பலன் சில ஆண்டுகள் கழித்துத்தான் கைக்கு வரும், அதற்குள் நிலவரம் மாறக்கூடும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். கணினித் துறையை நான் குறைத்துப் பேசுவதாகவும் யாரும் கருத வேண்டாம். என் வேலையிலேயே நாள்தோறும் நிரல் எழுதுகிறேன். எல்லோரும் சேர்கிறார்கள் என்பதற்காக அதில் சேர்வதும், எல்லோரும் சேர்கிறார்கள் என்பதற்காகவே அதைத் தவிர்ப்பதும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. இரண்டிலும் அந்த வேலையை யாரும் பார்க்கவில்லை.

ஒன்றை எடுத்தால் மற்ற கதவுகள் மூடிவிடும் என்ற அச்சமும் உங்கள் கேள்வியில் இருப்பதாகத் தோன்றுகிறது. அந்த அளவுக்கு அஞ்ச வேண்டாம். ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் ஆய்வகத்தில் செய்து காட்டிய, நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா உண்டாக்கும் முறையைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டு சென்ற கார்ல் போஷ், முதலில் உலோகவியலும் இயந்திரப் பொறியியலும் படித்து, பிறகு வேதியியலுக்கு வந்தவர். ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்திலும் 500 டிகிரி வெப்பத்திலும் அவருடைய எஃகுக் கலன்கள் வெடித்தன. ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, அதிலுள்ள கார்பனோடு வினைபுரிந்து அதை வலுவிழக்கச் செய்கிறது என்று கண்டறிந்த போஷ், கார்பன் மிகக் குறைந்த மென்னிரும்பால் உட்பூச்சுக் குழாயும், கசியும் ஹைட்ரஜன் வெளியேறச் சிறு துளைகள் கொண்ட எஃகு வெளிக்கூடும் அமைத்தார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் அந்த அம்மோனியாத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அந்தத் தீர்வு எந்தத் துறைக்கு உரியது என்று பிரித்துச் சொல்ல முடியுமா? உங்கள் முதலாண்டுக் கணிதத்திலும் இதற்குச் சான்று உண்டு. சுருள்வில்லில் ஆடும் நிறைக்கும், மின்தூண்டியும் மின்தேக்கியும் மின்தடையும் சேர்ந்த சுற்றுக்கும் வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றே. நிறையின் இடத்தில் மின்தூண்டல் வருகிறது, உராய்வின் இடத்தில் மின்தடை வருகிறது. அந்தச் சமன்பாட்டை ஒருமுறை ஊன்றிக் கற்றவர், பின்னாளில் துறை மாறினாலும் வெறுங்கையோடு போவதில்லை.

எனக்குள்ள மனக்குறை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். முதலாண்டைத் தேடிப் பார்ப்பதற்கான ஆண்டு என்று சொல்லிவிட்டு, அதன் முடிவில் மதிப்பெண் வரிசைப்படி மட்டும் துறைகளைப் பங்கிட்டால், தேடுவதற்கு யாருக்கு நேரம் இருக்கும்? ஆய்வகத்தின் ஓரத்தில் நான் நின்ற நேரத்தில் படித்திருந்தால் இன்னும் சில மதிப்பெண்கள் வந்திருக்கும் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அதிக மதிப்பெண் எடுத்தவர் பலரும் கேட்கும் துறையைத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண் வீண் என்று பேசினவர்களும் உண்டு. தேடுவதைத் தடுமாற்றம் என்று அழைக்கும் இந்தப் பழக்கம் நல்ல மாணவர்கள் பலரைத் தங்களுக்குப் பொருந்தாத வகுப்பறைகளில் உட்கார வைத்திருக்கிறது. அப்படி உட்கார்ந்தவர்கள்தாம் பிறகு முந்தைய ஆண்டு ஏட்டைப் பார்த்து அளவீடுகளை எழுதிக் கணக்கை இடிக்காமல் முடித்துவிடுகிறார்கள். காணாமல் போன எத்தனாலைத் தேடும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

ஆகவே ஆய்வகத்துக்குப் போகும்போது, வருகை நாளுக்காக ஒழுங்குபடுத்திய கருவிகளைப் பார்க்காமல் சாதாரண வகுப்பு நாளில் போங்கள். அங்குள்ளவர்களிடம் துறை பிடித்திருக்கிறதா என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். சென்ற வாரம் எந்த வேலை அதிக நேரத்தை விழுங்கியது என்று கேளுங்கள். மூன்றாமாண்டுப் பாடநூலை நூலகத்தில் எடுத்து, பாடத்தைப் படிக்காமல் பயிற்சிக் கணக்குகளை மட்டும் படித்துப் பாருங்கள். விடை தெரிய வேண்டும் என்பதில்லை. விடையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கவனித்தால் போதும். துறை மாற்ற விதிகளையும் இப்போதே படித்து, எந்தப் பாடங்கள் இரண்டு துறைகளிலும் ஏற்கப்படும் என்று குறித்துக்கொண்டால், இரண்டாம் ஆண்டில் மனம் மாறினாலும் இழப்பு குறையும். எந்த ஆய்வகத்திலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், வேண்டவே வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருக்கும் துறையின் ஆய்வகத்துக்கு முதலில் போங்கள். அதை ஒதுக்கியதற்கு நீங்கள் வைத்திருக்கும் காரணம் நிற்குமா நிற்காதா என்பது ஒரே பிற்பகலில் தெரிந்துவிடும்.