மலையில் டவர் இல்லை, கணக்கு எழுத எந்த ஆப்?

கேள்வி: ஐயா, எங்களுக்கு 2 ஜீப் இருக்கிறது. போடியிலிருந்து விடியற்காலை ஆள் ஏற்றிக்கொண்டு பூப்பாறை, சாந்தம்பாறை பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் திரும்ப இறக்கிவிடுவோம். யார் எந்த நாள் வந்தார்கள், யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார்கள் என்பதை நான்தான் நோட்டில் எழுதுகிறேன். மகன் தினம் ஒரு ஆப்பை இறக்கிக் காட்டுகிறான். எதை வைத்துக்கொள்வது? தோட்டத்துக் கணக்கர் மலையாளி. அவருக்கும் கணக்கு தெரிய வேண்டும்.
– ஒரு வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: முதலில் ஒரு சோதனை வையுங்கள் அம்மா. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, மகன் காட்டும் ஆப்பில் 10 பேருடைய வருகையைப் பதியச் சொல்லுங்கள். வட்டம் சுற்றிக்கொண்டே நின்றால் அந்த ஆப்பை அப்போதே அழித்துவிடலாம். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, மேலே சிக்னல் வரும்வரை காத்திருந்து கணக்கு எழுத யாருக்கு நேரம்?

கட்டம் போட்ட கணக்குத் தாள் மாதிரியான கூகுள் ஷீட்ஸ் ஆப்பைத்தான் நான் சொல்வேன். காசு இல்லை, தமிழில் எழுதலாம். கீழே ஊரில் இருக்கும்போதே ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் உள்ள 3 புள்ளியைத் தொட்டு, ஆஃப்லைனில் திறக்கும்படி வைத்துவிடுங்கள். மலையில் எழுதியது, டவர் கிடைத்ததும் தானாக ஏறிவிடும். ஆனால் 2 டிரைவரும் ஒரே கட்டத்தில் எழுதினால் பின்னால் ஏறியது முன்னதை அழித்துவிடலாம். அதனால் ஒவ்வொரு ஜீப்புக்கும் தனித் தாள்.

அப்புறம், பெயர். இதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். நீங்கள் ‘ராசாத்தி’ என்பீர்கள், டிரைவர் ‘ராஜாத்தி’ என்பார், கணக்கர் மலையாளத்தில் எழுதுவார். கம்ப்யூட்டருக்கு அது 3 ஆள். ஆகவே ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள்: முதல் ஜீப்பில் ஏழாவது ஆள் என்றால் 107, இரண்டாவது ஜீப்பில் என்றால் 207. 107 எந்த மொழிக்காரருக்கும் 107தான். ஆள் நின்றுவிட்டாலும் அந்த எண்ணை வேறு யாருக்கும் தராதீர்கள். பழைய அட்வான்ஸ் புது ஆள் தலையில் விழும்.

வரிசைக்கு ஓர் ஆள், பத்திக்கு ஒரு தேதி. முழு நாள் 1, அரை நாள் 0.5, வராவிட்டால் காலி. ‘வந்தார்’ என்று எழுதினால் கூட்ட முடியாது. அட்வான்ஸுக்கு இன்னொரு தாள்: தேதி, எண், தொகை. எண் வாரியாக அட்வான்ஸைக் கூட்ட ‘சம்இஃப்’ என்ற சூத்திரம் உண்டு. ஆப் தேடுகிற பையனுக்கு அந்த வேலையைக் கொடுங்கள்.

கணக்கருடைய ஜிமெயிலுக்கு மட்டும், ‘பார்க்க மட்டும்’ அனுமதியோடு அனுப்புங்கள். லிங்க் வைத்திருக்கும் யாரும் திறக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். அதில் நாலு பேருடைய கூலியும் கடனும் இருக்கிறது.

மாதக் கடைசியில் எக்செல் ஃபைலாக இறக்கி ஒரு பென்டிரைவில் வையுங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டைக் கம்ப்யூட்டர் சென்டராக மாற்றிய பிறகு, ஃபீஸ் பாக்கியை ஓர் இலவச ஆப்பில் 2 வருஷம் எழுதினேன். ஒருநாள் காலையில் திறந்தால் சந்தா கட்டச் சொன்னது. கணக்கை மொத்தமாக வெளியே எடுக்க அதில் வழியே இல்லை. பார்க்க மட்டும் விட்டார்கள், அந்த மட்டும் புண்ணியம். நானும் வீட்டுக்காரியும் 3 ராத்திரி உட்கார்ந்து, அவள் வாசிக்க வாசிக்க நான் நோட்டில் ஏற்றினேன். பாதியில் அவள் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

நோட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அட்வான்ஸ் வாங்குகிறவர் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பது அதில்தானே?

கேள்வி: மகள் கேரள அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படிக்கிறாள். பள்ளியில் லினக்ஸ், வீட்டில் விண்டோஸ். எம்.எஸ். ஆஃபீஸ் வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகர், மூணாறு

பதில்: வேண்டாம். கேரள அரசுப் பள்ளிகளில், லினக்ஸ் மாதிரி யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடக்கிறது. எம்.எஸ். ஆஃபீஸ் செய்கிற வேலையைச் செய்யும், மகளுக்குப் பழக்கமான லிப்ரே ஆஃபீஸ் விண்டோஸிலும் இலவசமாக ஓடும். 2010இல் ஓப்பன் ஆஃபீஸிலிருந்து பிரிந்து வந்தது அது. வேர்டில் திறந்தால் அட்டவணை கொஞ்சம் நகர்ந்து நிற்கும், அவ்வளவுதான். பிரின்ட் கடைக்கு மட்டும் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள்.

கேள்வி: குமுளியில் அச்சகம் வைத்திருக்கிறேன். பழைய கல்யாணப் பத்திரிகை ஃபைல்களைப் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் போய், கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்தாக வருகிறது. வைரஸா?
– ஒரு வாசகர், குமுளி

பதில்: வைரஸ் இல்லை. பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்டில் அடித்திருப்பீர்கள். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் எண். மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். போர்வை புதுக் கம்ப்யூட்டரில் இல்லை. பழைய கம்ப்யூட்டரை விற்பதற்கு முன் அந்த ஃபான்ட்டைக் காப்பி பண்ணிக்கொள்ளுங்கள். திரும்பத் தேவைப்படும் ஃபைல்களை மட்டும் எழுத்து மாற்றித் தரும் கன்வெர்ட்டரில் போட்டு, தமிழ் எழுத்துக்கே தனி எண் உள்ள யூனிகோடாக மாற்றினால் போதும். மாற்றியபின் மணமக்கள் பெயரை ஒரு தரம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘ஸ்ரீ’ அடிக்கடி உடையும்.