ஆட்டம் இலவசம், சர்வர் இலவசமில்லை: ஆடுபவர்களிடம் பணம் கேட்பது எப்படி?

கேள்வி: கம்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். குமுளியில் இருக்கும் நண்பரும் நானும் சேர்ந்து, ஏலக்காய் வியாபாரத்தை வைத்துத் தமிழில் ஓர் ஆன்லைன் விளையாட்டு நடத்துகிறோம். படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். தோட்டம் வாங்கலாம், காய் எடுக்கலாம், ஸ்டோரில் உலர்த்தி ஏலத்தில் விற்கலாம். இணையத்தில் கிடைத்த ஒரு பழைய வெளிநாட்டு விளையாட்டின் நிரலை மாற்றித்தான் செய்தோம். வாரத்துக்கு முந்நூறு பேர் வரை ஆடுகிறார்கள். வண்டன்மேடு, நெடுங்கண்டம், போடி, தேவாரம் பிள்ளைகள்தான் அதிகம். சர்வருக்கும் எஸ்எம்எஸ் ஓடிபிக்கும் சேர்த்து மாதம் ₹2,800 கையிலிருந்து போகிறது. ஆடுபவர்களே பணம் தருகிறோம் என்கிறார்கள். ஒருவர் மாதம் ₹2,000 தாமே தருவதாகச் சொல்கிறார். பணம் கொடுப்பவர்களுக்கு ஆட்டக்காசு கொடுங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். ₹50 கட்டணம் வாங்கிப் பொங்கலுக்குப் போட்டி வைத்து, ஜெயித்தவருக்கு ₹5,000 கொடுக்கலாம் என்று வேறு சிலர். மலேசியாவிலிருந்து இரண்டு பேர் ஆடுகிறார்கள், அவர்களும் தரத் தயார். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? வரி, ஜிஎஸ்டி எல்லாம் வருமா?

பதில்: பொங்கல் போட்டியை இப்போதே கைவிடுங்கள். மற்றதெல்லாம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். இது மட்டும் அப்படியல்ல. ஆன்லைன் விளையாட்டுகளுக்காக நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பணம் கட்டி, பதிலுக்குப் பணமோ பணமதிப்புள்ள வேறு எதுவோ கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஆடும் விளையாட்டை அந்தச் சட்டம் தடை செய்கிறது. திறமையால் ஜெயிப்பதா, அதிர்ஷ்டத்தால் ஜெயிப்பதா என்ற பழைய வாதம் அதில் செல்லாது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ₹50 வாங்கி ₹5,000 கொடுக்கும் உங்கள் போட்டி நேராக அந்த வரையறைக்குள் போய் விழுகிறது. மத்தியச் சட்டம் என்பதால் கம்பத்திலிருந்து நடத்தினாலும் குமுளியிலிருந்து நடத்தினாலும் ஒன்றுதான்.

அதே சட்டம் உங்களுக்கு ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. பந்தயமாக இல்லாதவரை, பொழுதுபோக்குக்கான விளையாட்டுக்குச் சந்தாவோ ஒருமுறை நுழைவுக் கட்டணமோ வாங்கலாம். ஆக, ஆட்டத்தை நடத்தும் செலவுக்குப் பணம் வாங்குவதில் தவறில்லை. உள்ளே வந்த பணம் ஜெயித்ததற்காக ஆடுபவர் யாருக்கும் பணமாகவோ பொருளாகவோ திரும்பிப் போகக்கூடாது, அவ்வளவுதான். பொங்கலுக்குப் போட்டி வையுங்கள், கட்டணம் இல்லாமல். ஜெயித்தவர் பெயரை ஆட்டத்துக்குள் போடிமெட்டு டீக்கடைக்கு ஒரு வருடத்துக்கு வையுங்கள்.

அடுத்தது ஆட்டக்காசு. இது சட்டச் சிக்கலாவதற்கு முன்பே உங்கள் விளையாட்டைக் கெடுத்துவிடும். உங்கள் ஆட்டத்தின் உயிர் அந்த ஏலம்தான். இருக்கும் காசுக்கும் வரும் காய்க்கும் நடுவே விலை தானாக அமைகிறது. ₹100 கொடுத்தவருக்குப் பத்தாயிரம் ஆட்டக்காசு என்று கொடுத்தால், காய் அதே அளவில் இருக்கக் காசு மட்டும் பெருகும். விலை ஏறும். நேற்றுச் சேர்ந்த நெடுங்கண்டம் பையன் ஒரு மூட்டை வாங்க முடியாமல் நிற்பான். அவன் போய்விட்டால், ₹100 கொடுத்தவர் யாரோடு வியாபாரம் செய்வார்? தவிர, ஆட்டக்காசுக்கு நீங்களே ரூபாய் விலை வைத்துவிட்டால், ஆடுபவர்கள் தங்களுக்குள் அதை ரூபாய்க்கு விற்க ஆரம்பிப்பார்கள். அப்போது பொழுதுபோக்கு ஆட்டம், மேலே சொன்ன தடைக்கு மிக அருகில் போய் நிற்கும்.

விளையாட்டு நடத்துபவர்கள் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். 2003-இல் தொடங்கி இன்றும் ஓடும் அமெரிக்க உலாவி விளையாட்டான கிங்டம் ஆஃப் லோதிங், 10 டாலர் நன்கொடைக்கு ஆட்டத்துக்குள் பயன்படும் ஒரு பொருளையே கொடுக்கிறது. அங்கே ஒவ்வொருவரும் பெரும்பாலும் தன் பாட்டுக்கு ஆடுவதால் அது தாங்குகிறது. உங்கள் ஆட்டத்தில் எல்லோரும் ஒரே ஏலத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குத் தனியார் நடத்தும் சர்வர்களில் பணம் கொடுத்தவருக்கு மட்டும் பலம் என்ற வியாபாரம் பெருகியபோது, 2014-இல் அந்த விளையாட்டைச் செய்த நிறுவனமே விதி போட்டது: அலங்காரம் விற்கலாம், ஆட்டத்தில் முந்த வைக்கும் எதையும் விற்கக்கூடாது.

நான் மனதார மதிக்கும் முன்மாதிரி லிசெஸ். திபோ துப்ளெசி என்ற பிரெஞ்சு நிரலாளர் 2010-இல் பொழுதுபோக்காகத் தொடங்கிய சதுரங்கத் தளம் அது. இன்று உலகம் முழுக்க ஆடுகிறார்கள். விளம்பரம் இல்லை, காசு கொடுத்தால் மட்டும் கிடைக்கும் வசதி என்று எதுவும் இல்லை. முழுக்க ஆடுபவர்கள் கொடுக்கும் பணத்தில், லாப நோக்கமற்ற அமைப்பாக நடக்கிறது. பணம் கொடுத்தவருக்கு என்ன கிடைக்கும்? பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிறகு. மற்ற எல்லா வசதியும் காசு கொடுக்காதவருக்கும் அப்படியே உண்டு. சர்வர் முதல் சம்பளம் வரை செலவுக் கணக்கை எவரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் விளையாட்டைச் செய்த ஆடம்ஸ் சகோதரர்கள், 2006 முதல் 2022-இல் அதை ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் விற்பனைக்குக் கொண்டுவரும் வரை, ரசிகர்கள் தந்த பணத்தில்தான் வாழ்ந்தார்கள். கொடுத்தவர்களுக்கு அவர்கள் அனுப்பியது கிரேயானில் வரைந்த படம், அல்லது ஒரு குட்டிக்கதை. மக்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். ஆட்டம் தொடர்ந்து நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் கொடுப்பவர்கள் கொடுக்கிறார்கள். பதிலுக்கு மரியாதையாக ஓர் அடையாளம் போதும்.

வெளிநாட்டு உதாரணம் எதற்கு, நம் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவதைப் பாருங்கள். முதலில் மொத்தச் செலவைப் பேசுவார்கள், பிறகு தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள், முடிந்ததும் ஊர் கூடிய இடத்தில் வரவு செலவு வாசிப்பார்கள். வரி கொடுத்தவன் என்பதற்காகச் சாமி யாருக்கும் தனியாக அருள் தருவதில்லை. உங்களுக்கும் இதே மூன்று படிகள்தான்: செலவைச் சொல்வது, சமமாகக் கேட்பது, கணக்கு வாசிப்பது.

செலவைச் சொல்வதற்கு முன் அதைக் குறையுங்கள். எழுத்து மட்டும் உள்ள விளையாட்டுக்கு, வாரம் முந்நூறு பேர் என்றால், மிகச் சிறிய வாடகை சர்வரே போதும். படம், வீடியோ இருந்தால்தான் பெரிது வேண்டும். எஸ்எம்எஸ் ஓடிபியை எடுத்துவிடுங்கள். ஆள் கூடக் கூட ஏறிக்கொண்டே போகும் செலவு அது. மலைமேல் சிக்னல் இல்லாத எஸ்டேட் லயத்தில் குறுஞ்செய்தி நேரத்துக்கு வருவதும் இல்லை. மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் போதும். வெளிநாட்டு நிறுவனத்திடம் சர்வர் எடுத்திருந்தால், காட்டும் விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இதெல்லாம் செய்தபின் மாதம் ₹1,500-க்குள் வந்துவிடும் என்பது என் மதிப்பீடு.

மாதாமாதம் கேட்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை, தை மாதத்தில், ஒரே தொகை. மாதம் ₹1,500 என்றால் வருடம் ₹18,000. சர்வர் நின்றுபோனால் சமாளிக்க மூன்று மாதச் செலவு கையிருப்பாகச் சேர்த்தால் ₹22,500. முந்நூறு பேரில் எழுபத்தைந்து பேர் ஆளுக்கு ₹300 கொடுத்தால் தீர்ந்தது. கொடுக்க முடியாதவர் கொடுக்க வேண்டாம். ஆட்டத்தில் அவருக்கு ஒரு குறையும் இருக்கக்கூடாது. கொடுத்தவர் பெயர் பச்சை நிறத்தில் தெரியட்டும், ஏலக்காய்ப் பச்சை. யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை மட்டும் எங்கும் போடாதீர்கள். தொகை தெரிந்தால் அடுத்த வருடம் போட்டி வந்துவிடும், கொடுக்க முடியாத பிள்ளை கூசிப் போகும்.

மாதம் ₹2,000 தருகிறேன் என்ற அந்த நல்ல மனிதருக்கு நன்றி சொல்லி, அவரிடமும் ₹300 மட்டும் வாங்குங்கள். உங்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம், ஆனால் எனக்கு இதுதான் அதிகம் கவலை தருகிறது. ஒரே ஆள் செலவைத் தாங்கினால், அவர் வாயைத் திறந்து ஒன்றும் கேட்காவிட்டாலும், அவர் தோட்டத்துக்கு நட்டம் வரும் ஒரு விதியை மாற்ற உங்கள் கை தயங்கும். மற்றவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள். அவர் ஒருநாள் விலகினால் ஆட்டமும் நிற்கும். ஆளுக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் என்று எழுதியே வைத்துவிடுங்கள்.

அறிவிப்பு இப்படி இருக்கட்டும்: "இந்த ஆட்டத்தை நடத்த வருடத்துக்கு ₹18,000 ஆகிறது. மூன்று மாதக் கையிருப்போடு ₹22,500 தேவை. 18 வயது ஆனவர்கள் விரும்பினால் ₹300 தரலாம். அதற்கு மேல் வாங்குவதில்லை. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஆட்டம் ஒன்றே. தொகை சேர்ந்ததும் வசூலை நிறுத்திவிடுவோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு போடுவோம். ஆட்டத்தை மூட நேர்ந்தால் மீதியைக் கொடுத்தவர்களுக்கே பிரித்துத் தருவோம்." வயதைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் நம் சட்டத்தில் செல்லாது. அப்பா போனிலிருந்து பிள்ளை அனுப்பிய ₹300 உங்களுக்குப் பெரிய தலைவலியாகும்.

பணம் வாங்க யுபிஐ க்யூஆர் போதும். வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்குப் பிடித்தம் இல்லை, முழுதாக வரும். பேமென்ட் கேட்வே எல்லாம் எழுபத்தைந்து பேருக்குத் தேவையில்லை. ஆனால் இதற்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்தே ஆக வேண்டும். 2023-இல் கேரளத்தில் நடந்தது உங்கள் குமுளி நண்பருக்கு நினைவிருக்கும்: சைபர் மோசடிப் பணம் எங்கெங்கோ கைமாறி யுபிஐ வழியாக வந்து சேர, சம்பந்தமே இல்லாத கடைக்காரர்கள் பலரின் கணக்குகள் முடக்கப்பட்டன. முகம் தெரியாதவர்களிடம் பணம் வாங்கப் போகிறீர்கள். முடங்கினாலும் அந்தக் கணக்கு மட்டும் முடங்கட்டும், கடைக் கணக்கும் வீட்டுச் செலவும் தப்பிக்கும். யாராவது தெரியாமல் ₹3,000 அனுப்பிவிட்டேன், வேறு எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள் என்றால், அனுப்பாதீர்கள். வந்த கணக்குக்கே வங்கி மூலம் திரும்பட்டும்.

வரி விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. சேவைக்கான ஜிஎஸ்டி பதிவு, உங்கள் கடை வரவையும் சேர்த்த மொத்த வரவு வருடத்துக்கு ₹20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் பொதுவாகக் கட்டாயம். கடையில் உதிரிப் பாகங்களும் விற்பதால் அந்த வரம்பை மட்டும் உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வருமான வரிக்கு, இதை நன்கொடை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வரும் அன்பளிப்பு வருடத்துக்கு ₹50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகிவிடும். நீங்கள் ஒரு சேவை தருகிறீர்கள், அதற்குக் கட்டணம் வாங்குகிறீர்கள். வரவு என்று காட்டி, சர்வர் ரசீதுகளைச் செலவாகக் கழியுங்கள். கடைசியில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. பணம் கொடுத்தால் வருமான வரி விலக்கு கிடைக்கும் என்று மறந்தும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

மலேசியக்காரர்கள் இருவரும் இலவசமாகவே ஆடட்டும். வெளிநாட்டுக் குடிமக்களிடம் நன்கொடை என்ற பெயரில் வாங்கினால், வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டம் பற்றிய கேள்வி எழும். சேவைக் கட்டணமாக வாங்கலாம், வெளிநாட்டுப் பணம் வாங்க உதவும் பேபால் சேவையும் இந்தியாவில் அந்த வகைக்கு வேலை செய்யும். ஆனால் இரண்டு பேரின் ₹600-க்காக அந்தக் காகித வேலை எதற்கு? துபாயிலோ தோஹாவிலோ வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் கதை வேறு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அந்தச் சட்டத்தின்படி வெளிநாட்டு மூலம் ஆகமாட்டார். தன் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து அவர் தாராளமாக அனுப்பலாம்.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பழைய நிரலை மாற்றிச் செய்தோம் என்கிறீர்கள். அந்தக் கோப்புறையில் உரிமக் கோப்பு ஒன்று இருக்கும், திறந்து முழுதும் படியுங்கள். எழுத்தில் மட்டும் பலர் சேர்ந்து ஆடும் இந்த வகை விளையாட்டுகளில் பலவற்றுக்குத் தாய் போன்றது டிக்குமட் என்ற நிரல். கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் 1990 வாக்கில் எழுதியது. அதன் பழைய உரிமம், எந்த வகையிலும் லாபம் பார்க்கக்கூடாது, எழுதியவர்கள் பெயரை எடுக்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. செலவுக்கு மட்டும் பணம் வாங்குவது லாபமா என்று ஆங்கில உலகில் வருடக்கணக்காகச் சண்டையே நடந்திருக்கிறது. உங்களிடம் இருப்பது அதுவானால், அதன் ஆசிரியர்களுக்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திவிட்டு வசூலைத் தொடங்குங்கள். பதில் வரும்வரை கைக்காசே போகட்டும். பெயர்களை எடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிச் சேர்த்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலா, நண்பர் பெயரிலா என்பதை இருவரும் பேசி முடிவெடுங்கள். யார் பெயரில் இருந்தாலும் வரவு அவருடைய வருமானக் கணக்கில்தான் சேரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மற்றவர் பாஸ்புக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே கணக்கை வெளியிடுங்கள்.