பழைய ஆட்டோமேட்டிக் காரில் ரேடியேட்டருக்குப் போகும் கியர்பாக்ஸ் கூலர் பைப் இணைப்பில் ஆயில் கசிகிறது. டெஃப்லான் டேப் சுற்றி டைட் வைத்தும் நிற்கவில்லை. என்ன செய்வது?

டேப் சுற்றினால் நிற்காது. ஃப்ளேர் நட்டிலும் (விரிந்த வாயுள்ள பைப்பைப் பிடிக்கும் நட்) பேஞ்சோ போல்ட்டிலும் (நடுவில் ஆயில் போக ஓட்டை உள்ள போல்ட்) ஆயிலைத் தடுப்பது மரை இல்லை. ஃப்ளேரில் பைப்பின் விரிந்த வாய் கூம்பில் போய் அழுந்த வேண்டும். பேஞ்சோவில் இரு பக்கமும் உள்ள வாஷர் நசுங்க வேண்டும். மரையில் சுற்றிய டேப் பிய்ந்து ஆயிலோடு உள்ளே போய், கியர் மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியில் சிக்கினால் செலவு வேறு லெவலுக்குப் போய்விடும்.

கசிவது இந்த பைப்தானா என்று முதலில் பாருங்கள். பல பழைய கார்களில் பவர் ஸ்டியரிங்கிலும் இதே சிவப்பு ஏடிஎஃப்தான் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஓடுகிறது. பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, இணைப்புகளில் முகப் பவுடர் தூவி, இன்ஜினை 15 நிமிடம் ஐடிலில் விடுங்கள். வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிவிடும். அதனால் சொட்டுகிற இடத்தை நம்ப வேண்டாம், ஈரம் தொடங்குகிற இடத்தைத் தேடுங்கள். கூடவே கூலன்ட் டப்பாவையும் திறந்து பாருங்கள், இன்ஜின் ஆறிய பிறகு. உள்ளே ஆயில் கலந்து ரோஸ்மில்க் நிறம் தெரிந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரே உடைந்துவிட்டது. அப்புறம் வண்டியை ஓட்டாதீர்கள், டோ செய்யுங்கள்.

பைப்தான் என்றால், இன்ஜின் நன்றாக ஆறியதும் வண்டியைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்கக் கூடாது. துருப்பிடித்த நட்டுக்கு முந்தைய இரவே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். கழற்ற இரண்டு ஸ்பேனர் கட்டாயம்: ஒன்று ரேடியேட்டர் பக்க அடாப்டரை அசையாமல் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. பெரும்பாலான சேதம் இங்கேதான் நடக்கிறது. அடாப்டரும் சேர்ந்து சுற்றினால் ரேடியேட்டர் டாங்கிக்குள் கூலர் முறுகி உடையும். 50 ரூபாய் வாஷரில் முடிய வேண்டிய வேலை ரேடியேட்டர் மாற்றுவதில் போய் நிற்கும். நட்டுக்கு சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும், நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேஞ்சோ என்றால் இரண்டு வாஷரையும் புதிதாகப் போடுங்கள், ஒன்றை மட்டும் மாற்றுவது வீண். ஃப்ளேர் என்றால் வாயில் விரிசலோ கோடோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் இன்னும் டைட் வைப்பது விரிசலைப் பெரிதாக்கும். அந்த முனையை வெட்டி டபுள் ஃப்ளேர் (வாயை விரித்து இரட்டையாக மடிப்பது) அடிக்க வேண்டும். செம்புக் குழாய் வைத்து ஒட்டுப் போடுவதும் எம்-சீல் அப்புவதும் வேண்டாம். ஆயில் பட்ட இரும்பில் எம்-சீல் ஒட்டாது. செம்பு அதிர்வில் விரிசல் விடும்.

ரப்பர் ஹோஸ் முனையில் கசிந்தால் கிளாம்பை இறுக்கிப் பார்ப்பதை விட ஹோஸை மாற்றுவது மேல். கிள்ளினால் கல்லாக இருக்கும் ரப்பர் இனிப் பிடிக்காது. பெட்ரோல் ஹோஸ் போடாதீர்கள். டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலருக்கு என்றே அச்சிட்ட ஹோஸ் சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கேட்டு வாங்கலாம். பைப்பின் வெளி விட்டத்தை வெர்னியரில் அளந்துகொண்டு போங்கள். ஹோஸை பைப் முனையைச் சுற்றியுள்ள மேட்டைத் தாண்டி 2.5 செ.மீ. ஏற்றி, கிளாம்பை மேட்டுக்கும் ஹோஸ் முனைக்கும் நடுவில் போடுங்கள்.

திருவான்மியூர், ஈ.சி.ஆர். போல கடலோரம் நிற்கும் வண்டி என்றால் பைப்பை பாடியோடு பிடிக்கும் கிளிப்புகளையும் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றும் மழைத் தண்ணீரும் அதற்கு அடியில் தங்கி, வெளியே தெரியாமல் இரும்பைத் தின்றிருக்கும். புதுப்பேட்டையில் பழைய பைப் கிடைக்கும், ஆனால் அதே வயது துருவும் சேர்ந்தே வரும்.

ஆயில் எல்லாம் சிவப்பு என்பதற்காக எதையும் ஊற்றாதீர்கள். பழைய ஹூண்டாய், மிட்சுபிஷி பலவற்றுக்கு எஸ்பி-3, பழைய டொயோட்டா பலவற்றுக்கு டி-4, பல ஹோண்டாக்களுக்கு டிடபிள்யூ-1. சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) என்றால் அதற்கென்று தனி ஆயில். வெளியே வந்ததை அளந்து வைத்து, 100 மில்லி 100 மில்லியாகச் சேருங்கள். லெவல் பார்க்கும் முறையும் மாறும்: டொயோட்டாவில் சூடான பின் இன்ஜின் ஓட பார்க்கில், ஹோண்டாவில் இன்ஜினை நிறுத்தி ஓரிரு நிமிடத்துக்குள். அதிகம் ஊற்றினால் நுரைத்து, கியர் வழுக்கும்.

கடைசியாக, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரிலும் சில விநாடி போட்டு எடுத்து, 10 கிலோமீட்டர் ஓட்டி, இரவில் இணைப்புக்குக் கீழே அட்டை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் புது சிவப்புப் புள்ளி இருந்தால் அடுத்த இணைப்பைப் பாருங்கள், ஒரே இணைப்பை மறுபடி முறுக்காதீர்கள்.