காலிக் பாட்டுக் குழுவில் சேரலாமா என்று கேட்ட தங்கைக்கு

கிளாஸ்கோவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, வார்டில் கூட வேலை பார்ப்பவர் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான காலிக்கில் பாடும் குழுவுக்குக் கூப்பிடுகிறார், மொழியும் தெரியாது, மேற்கத்திய நொட்டேஷனும் தெரியாது, போகலாமா அக்கா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போ. நானும் பயந்துகொண்டேதான் போனேன், பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது.

நொட்டேஷன் பயத்தை விடு. காலிக் குழுக்களில் இன்றும் பலர் டானிக் சோல்ஃபா என்ற எழுத்து முறையைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள். ஐந்து கோடு கிடையாது. டோ, ரே, மீ இவற்றின் முதலெழுத்துகள் வரிசையாக இருக்கும், தாளத்தைப் பிரிக்க நடுவில் இரட்டைப் புள்ளி. பாட்டின் சுருதி எதுவோ அதுதான் டோ. நம் ஸட்ஜமம் மாதிரியே இடம் மாறும். நீ பாட்டு கற்றவள் என்கிறாயே, டோ ரே மீ வரிசை சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள்தான், அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கஷ்டம் வேறு இடத்தில். நாம் எல்லோரும் சேர்ந்து ஒரே மெட்டைப் பாடிப் பழகியவர்கள். இங்கே நாலு குரலுக்கு நாலு வழி. என்னை ஆல்டோவில், அதாவது பெண்களின் கீழ்க்குரலில், உட்கார வைத்தார்கள். மேல்குரல் பாடும் சோப்ரானோக்காரர்கள் மெட்டை எடுத்ததும் என் குரல் அவர்கள் பின்னால் ஓடிவிடும். பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். என் காதுப் பக்கம் சாய்ந்து எங்கள் வரியை மட்டும் மெல்லப் பாடுவார், விரல் தாளில் நகரும். இரண்டு மாதம் அப்படிப் பாடினார். ஆல்டோ வரியைத் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. ஒருநாள் ஆல்டோவில் பாதிப் பேர் வரவில்லை, பாட்டே மெலிந்துபோனது. அன்றைக்குத்தான் அந்த வரி எதற்கு என்று எனக்குப் பிடிபட்டது.

மொழியைக் காதால் பிடி. எழுத்தை நம்பாதே, ‘பி’க்குப் பின்னால் ‘எச்’ வந்தால் பெரும்பாலும் ‘வ’. அப்புறம், ‘கேலிக்’ என்று சொல்லாதே, இங்கே அது அயர்லாந்து மொழியைக் குறிக்கும். உச்சரிப்பில் அவர்கள் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. ‘மோட்’ என்று ஒரு விழா, 1892இல் ஓபன் நகரில் தொடங்கியது. இப்போது அக்டோபர்தோறும் ஒவ்வோர் ஊரில் நடக்கிறது. குழுப் போட்டியில் இசைக்குத் தனி மதிப்பெண், காலிக்குக்குத் தனி மதிப்பெண்.

விடுமுறை கிடைத்தால் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்குப் போய் தேவாலயத்தில் காலிக் ஆராதனையில் உட்கார்ந்து பைபிள் சங்கீதங்களைப் பாடுவதைக் கேள். வாத்தியம் இல்லை. முன்பாடுபவர் ஒரு வரி எடுத்துக்கொடுப்பார், சபை உட்கார்ந்தபடியே அதை மெதுவாக இழுத்து வாங்கும், ஒவ்வொருவரும் தன் போக்கில் கமகம் சேர்த்து. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

முதல் நாள் பென்சில் எடுத்துப்போ. வரிக்குக் கீழே உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொள்ளலாம், நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.