மாதிரி ரயில் கட்டடங்கள்: வரைபடமும் அளவும் – கேள்வி பதில்

மேசை மேல் ஓடும் மாதிரி ரயிலுக்குக் கடையில் வாங்கும் கட்டடப் பெட்டிகள் பெரும்பாலும் இங்கிலாந்து, ஜேர்மனி, அமெரிக்கா வடிவம். எங்கள் ஊர் ஸ்டேசன் வேண்டுமென்றால் நாங்கள்தான் செய்ய வேண்டும். அதற்கான வரைபடமும் அளவும் பற்றித் திருகோணமலைப் பக்கத்து ஆர்வலர்கள் கேட்டவற்றுக்கு, படவரைஞராக வேலை செய்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

உவர்மலையிலிருந்து: அண்ணா, மாமா லண்டனிலிருந்து ஓஓ எஞ்சினும் இரண்டு பெட்டியும் கொண்டுவந்து தந்தார். ஸ்டேசனை எந்த அளவில் செய்வது?

எஞ்சின் ஓஓ என்றால் கட்டடமும் ஓஓதான் தம்பி. ஓஓ (OO) என்ற மாதிரி அளவில் உண்மையான ஒரு அடிக்கு 4 மில்லிமீற்றர், அதாவது 1:76.2. எச்ஓ (HO) என்ற இன்னோர் அளவில் அடிக்கு 3.5 மி.மீ. இரண்டும் ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுவதால் ஆட்கள் கலந்து வாங்கிவிடுகிறார்கள். பிறகு ஸ்டேசன் கதவு பெட்டிக் கதவைவிடக் குட்டையாக நிற்கும்.

இதில் எங்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இலங்கையின் அகலப்பாதை 5 அடி 6 அங்குலம். ஓஓ கணக்கில் தண்டவாள இடைவெளி 22 மி.மீ. வர வேண்டும். 16.5இல் ஓட்டினால் எங்கள் பாதை ஒடுங்கித் தெரியும். ஆனால் அடிக்கு 3 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5.5 × 3 = 16.5. கடையில் வாங்கும் அதே தண்டவாளம், எங்கள் அகலப்பாதைக்கு மயிரிழை பிசகாமல் பொருந்துகிறது! அளவுத்திட்டம் 1:101.6. ரயில் பெட்டிகளையும் கையால் செய்யும் பொறுமை இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். இப்போதைக்கு மாமா தந்த எஞ்சின்தான் ஓடப்போகிறது என்றால் ஓஓவிலேயே செய்யுங்கள்.

சீனன்குடாவிலிருந்து: இந்தப் பாதையில் உள்ள ஸ்டேசன்களின் பழைய வரைபடம் எங்கே எடுக்கலாம்?

கல்லோயாச் சந்தியிலிருந்து கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாகத் திருகோணமலைக்கு வரும் பாதை 1927இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்து ஆவணங்களைத் தேட கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கும் றெயில்வே திணைக்களத்துக்கும் எழுதிக் கேட்கலாம். கடிதத்தில் கட்டடத்தின் பெயர், பாதை, ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். ஆனால் வரைபடம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். கட்டடம் நிற்கும்போது நீங்களே அளந்து வரைவதுதான் நிச்சயமான வழி. தாளில் இருப்பது கட்ட நினைத்தது; சுவரில் இருப்பதுதான் கட்டியது.

ஸ்டேசன் மாஸ்டரிடம் முதலே சொல்லி அனுமதி எடுத்துக்கொண்டு அளவுநாடாவை விரியுங்கள். துறைமுகம், கடற்படைத் தளம், இராணுவம் இருக்கும் பிரெட்றிக் கோட்டைப் பக்கம் கமராவோடும் நாடாவோடும் கேட்காமல் போகவே வேண்டாம்.

அளக்கும்போது நாடாவின் பூச்சியத்தைச் சுவர் மூலையில் பிடித்து, கடைசி மூலைவரை அதை அசைக்காமல் ஒவ்வொரு கதவு, யன்னல் விளிம்பையும் வரிசையாக வாசியுங்கள். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டிலும் வரும் சின்னப் பிழை சேர்ந்து பெரிதாகிவிடும். அறைக்குள் இரண்டு மூலைவிட்டங்களையும் எடுங்கள். அவை சமமாக இல்லாவிட்டால் அறையின் மூலைகள் செங்கோணமாக இல்லை. இன்னொன்று, 1927 காலத்துக் கட்டடம் அடி, அங்குலத்தில் திட்டமிட்டது. நாடா 915 மி.மீ. காட்டினால் வரைந்தவர் நினைத்தது 3 அடி. அப்படியே எழுதுங்கள், மற்ற அளவுகளும் தன்பாட்டில் ஒழுங்காக வந்து விழும்.

தம்பலகாமத்திலிருந்து, ஒரு மாணவி: அப்பப்பா றெயில்வேயில் வேலை செய்தவர். அவர் வைத்திருந்த ஒரு போட்டோவில் உள்ள கட்டடம் இப்போது இல்லை. போட்டோவை மட்டும் வைத்துச் செய்ய முடியுமா?

முடியும் தங்கச்சி, கட்டாயம் செய்யுங்கள். அந்தக் கட்டடத்துக்கு இனி அந்தப் போட்டோதான் சாட்சி.

போட்டோவில் நிச்சயமாகத் தெரிந்த ஒரு அளவு வேண்டும். றெயில் போட்டோவில் அது கண்முன்னே கிடக்கிறது: தண்டவாள இடைவெளி, 5 அடி 6 அங்குலம். கட்டடத்தின் ஒரு பக்கச் சுவர் கமராவை நேரே பார்த்து நின்று, பாதை அதன் பக்கத்தால் ஓடினால், சுவர் அடிக்கோட்டைப் பாதைவரை நீட்டுங்கள். கோடு தண்டவாளத்தை வெட்டும் இடத்தில் இடைவெளியை அளந்தால், அந்தச் சுவருக்கு எத்தனை மில்லிமீற்றர் ஓர் அடி என்று கிடைத்துவிடும். அதற்கு முன்னாலோ பின்னாலோ அளந்தால் விடை மாறும், ஏனென்றால் தூரம் கூடக்கூட எல்லாம் சின்னதாகத் தெரியும். அதே காரணத்தால் இந்த அளவு அந்த ஒரு சுவருக்கு மட்டும்தான் செல்லும்.

சுவர் சரிந்து தெரிந்தால் கிம்ப் என்ற இலவச மென்பொருளில் நான்கு மூலையையும் இழுத்து நேராக்கலாம். நேராக்கினால் வடிவம்தான் சரிவரும். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை ஒரு கதவை வைத்துச் சரிபாருங்கள். அதே காலத்தில் அதே பாதையில் கட்டி இன்னும் நிற்கும் ஸ்டேசனில் கதவை அளந்தால் போதும். போட்டோவில் நிற்கும் ஆளின் உயரத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

உப்புவெளியிலிருந்து: கையில் 1:96 வரைபடம் இருக்கிறது. கொப்பிக் கடையில் எத்தனை சதவீதம் சொல்வது?

வரைபடத்தின் எண்ணை உங்கள் அளவின் எண்ணால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 1:96இலிருந்து ஓஓவுக்கு 126 சதவீதம், எச்ஓவுக்கு 110. 1:100 வரைபடம் என்றால் ஓஓவுக்கு 131, 1:48 என்றால் 63. பிரின்ட் எடுக்கும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தெரிவை நிறுத்துங்கள். வந்த கொப்பியை நீளவாக்கிலும் குறுக்காகவும் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். சில மெசின்கள் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும்.

மூதூரிலிருந்து: கூகுள் ஏர்த்தில் அளந்தால் போதாதா?

நீள அகலத்துக்கு நல்ல உதவி. ஆனால் மேலிருந்து தெரிவது கூரை, சுவர் அல்ல. இறவாணம் எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்று நேரில் பார்த்துக் கழியுங்கள்.

நிலாவெளியிலிருந்து: வரைபடத்தைப் பார்த்து வெட்டிய கூரை ஒவ்வொரு முறையும் கட்டையாக வருகிறது. என்ன பிழை?

முன்தோற்றத்தில் தெரிவது கூரையின் நிமிர்ந்த உயரம். நீங்கள் வெட்ட வேண்டியது சரிவின் நீளம். பாதி அகலம் 12 அடி, முகட்டு உயரம் 5 அடி என்றால் சரிவு 13 அடி, பைதகரஸ் விதிதான். ஓஓவில் படம் 20 மி.மீ. காட்டும், தகடு 52 மி.மீ. வேண்டும். அதோடு இறவாண நீட்டலையும் கூட்டுங்கள். பழைய நெளிதகரத்தில் ஒரு நெளிக்கும் அடுத்த நெளிக்கும் இடை வழக்கமாக 3 அங்குலம். ஓஓவில் அது சரியாக 1 மி.மீ. வாங்கும் நெளித்தாள் அதைவிட மிகப் பெரிதாக இருந்தால் தகரம் அஸ்பெஸ்டஸ் போலத் தெரியும்.

திருகோணமலை நகரிலிருந்து: 600 அடி மேடை ஓஓவில் 2.4 மீற்றர் வருகிறது ஐயா. மேசையே அவ்வளவு இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்கலாமா?

சேர்த்துச் சுருக்க வேண்டாம். கதவு, யன்னல், படி, மேடையின் உயரம் எல்லாம் மனிதர் புழங்கும் அளவு. அவை குறைந்தால் பெட்டி பக்கத்தில் வந்து நிற்கும்போதே பொய் தெரிந்துவிடும். குறைக்க வேண்டியது எண்ணிக்கை. ஒரே மாதிரி பன்னிரண்டு தூண் இடைவெளி இருந்தால் ஏழு போடுங்கள், ஆனால் ஒவ்வோர் இடைவெளியும் முழு அளவில் இருக்கட்டும். கட்டடத்தின் நடுவில் வாசல் இருந்தால் இரு பக்கமும் சமமாகக் குறையுங்கள். வெட்டுவதற்கு முன் கொப்பித் தாளையே காட்போட்டில் ஒட்டி, பெட்டி போல மடித்து மேசையில் வைத்து, ரயில் பெட்டிகளைப் பக்கத்தில் நிறுத்திச் சில நாள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.