உங்கள் சம்பள சிலிப்பில் ஓடும் மாங்காய் மண்டி

கேள்வி: கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்தபடியே பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறேன். வயது 34. கைக்கு வரும் சம்பளம் 78,000 ரூபாய். வீட்டுச் செலவு 34,000, எல்ஐசி 4,000. சேமிப்பு 1,10,000. ஏஐ வந்த பிறகு 9 பேர் இருந்த எங்கள் டீமில் 5 பேர்தான் மிச்சம். அடுத்த மாதத்திலிருந்து வாரம் 3 நாள் ஆபீஸ் வரச் சொல்லிவிட்டார்கள். அக்கா வீட்டுக்காரர் காவேரிப்பட்டினத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். அவருக்காக 2 வருடம் முன்பு என் பெயரில் 14 சதவீத வட்டியில், 5 வருடத்துக்கு 8 லட்சம் தனிநபர் கடன் எடுத்தேன். 2025 சீசனில் தோத்தாபுரி விலை விழுந்ததும் தவணை தருவதை நிறுத்திவிட்டார். இப்போது இன்னொரு 6 லட்சம் கேட்கிறார். ‘முன் அனுமதி பெற்ற கடன்’ என்று வங்கியிலிருந்து வந்த மெசேஜை நான்தான் அவரிடம் காட்டினேன். 2.4 லட்சத்துக்கு ஒரு ஏஐ கோர்ஸும் பார்த்து வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: கடிதம் முழுக்க ஏஐ பயம்தான். எனக்கோ அந்த மெசேஜைக் காட்டிய இடத்தில்தான் பகீரென்றது. உங்கள் பழைய சம்பள வரவைப் பார்த்து வங்கி அனுப்பிய மெசேஜ் அது. 9 பேர் 5 ஆனது வங்கிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். வீட்டுச் செலவு 34,000, எல்ஐசி 4,000 என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய கடன் 14 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு என்பதால் தவணை சுமார் 18,600. மிச்சம் 21,400. பெங்களூருவில் பிஜி, பஸ் என்று 12,000 போனால் 9,400 நிற்கும். புதிய 6 லட்சத்துக்கு 15 சதவீதம், அதே 5 வருடம் என்றாலும் தவணை 14,300 வரும். மாதம் 4,900 துண்டு விழும். இது வேலை இருக்கும்போது!

மாமா ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. தோப்பில் பூ பிடிக்கும்போதே முன்பணம் கொடுத்துவிட்டு, மாம்பழக் கூழ் ஆலைகள் என்ன விலை சொல்லுமோ என்று காத்திருக்கும் தொழில் அது. மழையும் விலையும் அவர் கையில் இல்லை. ஆனால் அந்த ஆபத்தும் டெஸ்டிங் வேலையின் ஆபத்தும் இப்போது உங்கள் ஒரே சம்பள சிலிப்பில் உட்கார்ந்திருக்கின்றன. மண்டிக்குப் பணம் வேண்டுமென்றால் மண்டிக் கணக்கைக் காட்டி அவர் பெயரிலேயே கேட்கட்டும். சிறு தொழில்களுக்கான முத்ரா கடன் திட்டத்தில் 10 லட்சம் வரை பிணையமில்லாமல் கேட்கலாம். வங்கி அவருக்குத் தர யோசித்தால், நீங்களும் யோசிக்க அதுவே போதுமான காரணம்.

கோர்ஸ் விஷயம். ‘வட்டியில்லாத் தவணை’ என்பார்கள். பெரும்பாலும் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கடன் பத்திரத்தில்தான் கையெழுத்து வாங்குவார்கள். பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. டெஸ்டிங்கைத் தானாக ஓட்டும் கருவிகளான செலீனியம், பிளேரைட் இரண்டும் இலவசம். டெஸ்ட் கேஸ் எழுதும் வேலையை ஏஐ எடுத்துக்கொள்ளட்டும். அது எழுதியதில் எது தப்பு என்று பிடிக்கும் ஆளாக நீங்கள் மாறப் பாருங்கள். அதற்கு உங்கள் ஆபீஸ் புராஜெக்டை விட நல்ல வகுப்பு கிடையாது. ஆபீஸ் போகும் 3 நாளில் பக்கத்து டீம்காரர்களோடு பழகுங்கள். அடுத்த வேலை பற்றிய தகவல் அங்கேதான் முதலில் காதில் விழும்.

சேமிப்பு 1,10,000 என்கிறீர்கள். வீட்டுச் செலவு, எல்ஐசி, தவணை மூன்றும் சேர்ந்து மாதம் 56,600. இருப்பது 2 மாதத்துக்குக்கூடக் காணாது. 6 மாதத்துக்குச் சுமார் 3.4 லட்சம் வேண்டும். அதுவரை மிச்சமாகும் 9,400-ஐயும் வருகிற போனஸையும் தனிக் கணக்கில் போடுங்கள். மியூச்சுவல் ஃபண்ட், ஓசூர் பிளாட் எதுவும் இப்போது வேண்டாம்.

பழைய கடனில் அசல் இன்னும் சுமார் 5.45 லட்சம் நிற்கும். மாமாவிடம் தனியாகப் பேசாதீர்கள். அக்காவையும் உட்கார வைத்து, வங்கி ஸ்டேட்மென்ட்டை நடுவில் வைத்துப் பேசுங்கள். மாதம் 5,000 முடியுமா, சீசன் முடிந்து மொத்தமாக ஒரு தொகையா என்று கேட்டு, தேதியோடு எழுதி வாங்குங்கள். அதற்கு முன்னால், இன்று ராத்திரியே அந்த மெசேஜை அழித்துவிடுங்கள்.