சீம்பாலின் மஞ்சள் நிறம் போனால் சத்தும் போய்விடுமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறேன். குழந்தைக்கு நாலரை மாதம். முதல் வாரம் பால் மஞ்சளாக, கெட்டியாக வந்தது. இப்போது தண்ணியாக, லேசாக நீலம் பாரித்து இருக்கிறது. 'இதில் என்ன சத்து இருக்கும், பவுடர் பால் சேர்த்துக் கொடு' என்கிறார் மாமியார். அடுத்த மாதம் ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குத் திரும்ப வேண்டும். பீய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்தால் பாலின் ஆன்டிஆக்ஸிடன்ட் எல்லாம் போய்விடுமா?

பதில்: பவுடர் பால் வேண்டாம். குழந்தை எடை ஏறிக்கொண்டு, நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்தால் உங்கள் பால் போதும். ஆறு மாதம் முடியும்வரை வேறு பாலோ உணவோ தேவையில்லை.

மாமியார் கண்ணில் பட்ட மாற்றம் உண்மைதான். சீம்பாலுக்கு மஞ்சள் நிறம் தருவது பீட்டா கரோட்டின் போன்ற கரோட்டினாய்டுகள். வைட்டமின் ஈ-யும் அதில் இப்போதைய பாலைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும். இரண்டுமே ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது ஆக்சிஜனால் செல்கள் சேதமாகாமல் காப்பவை. சீம்பாலில் இவை கூடுதலாக இருக்கக் காரணம் இருக்கிறது. கருப்பையில் குறைந்த ஆக்சிஜனில் வளர்ந்த குழந்தை, பிறந்த நிமிடமே நுரையீரல் நிறையக் காற்றை இழுக்கிறது. திடீரென்று கூடும் அந்த ஆக்சிஜன் செல்களைத் தாக்காமல் தடுக்க ஆன்டிஆக்ஸிடன்ட் வேண்டும். ஆனால் வைட்டமின் ஈ நஞ்சுக்கொடி வழியாகக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். அந்தக் குறையைச் சீம்பால் ஈடுகட்டுகிறது. இதனால்தான் அதைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பதைக் கேட்டால் எனக்கு மனசு பதறும்.

இரண்டு வாரத்துக்குள் பால் முதிர்ந்துவிடும், அடர்த்தி குறையும். ஆனால் அளவைப் பாருங்கள். முதல் நாள் குழந்தை குடித்தது சில ஸ்பூன்தான். இப்போது ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் வரை குடிக்கிறது. சொட்டுக்குச் சொட்டு குறைந்தாலும், நாள் கணக்கில் சத்து குறையவில்லை. கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட் என்சைம்களும் லாக்டோஃபெரின் என்ற புரதமும் இப்போதும் உங்கள் பாலில் இருக்கின்றன. பவுடர் பாலில் வைட்டமின்களைச் சேர்க்கலாம், உயிர்ப்புள்ள இந்த என்சைம்கள் அதில் கிடையாது.

நீலம் பாரிப்பது முதலில் சுரக்கும் பால். கொழுப்பு கடைசியில்தான் நிறைய வரும், வைட்டமின் ஈ அந்தக் கொழுப்போடுதான் இருக்கும். அதனால் ஒரு பக்கம் நன்றாகக் குடித்து முடித்த பிறகு மறுபக்கம் மாற்றுங்கள்.

சரி, ஃப்ரிட்ஜ் விஷயம். வைக்க வைக்க ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் குறைவது நிஜம். முதலில் அடிபடுவது வைட்டமின் சி. ஆனாலும் 'எல்லாம் போய்விடும்' என்பது தப்பு. ஃப்ரீசரில் பல நாள் வைப்பதைவிட, கீழ்த்தட்டில் வைத்து ஓரிரு நாளில் கொடுப்பது மேல். இன்று பீய்ச்சியதை நாளைக்குள் கொடுத்துவிடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே நாலு மணி நேரம் வைக்கலாம் என்பது 25 டிகிரி வரைக்கும்தான். வேலூர் வெயிலுக்கு அந்தக் கணக்கு உதவாது, பீய்ச்சிய கையோடு குளிரில் வையுங்கள். கம்பெனியில் பீய்ச்சினால் ஐஸ் பேக் போட்ட பையில் கொண்டு வரலாம்.

வெந்நீரில் கழுவிய மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, 60 மில்லி அளவில் ஊற்றி, ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். கரண்ட் போய்ப் போய் வந்தால் அன்றைய பாலை அன்றே கொடுத்துவிடுங்கள். எடுக்கும்போது மேலே ஆடை மாதிரி பிரிந்து, கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். கெட்டுப்போனது என்று நினைக்காதீர்கள். வைட்டமின் ஈ அதில்தான் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கிண்ணத்தை வைத்து, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் காய்ச்ச வேண்டாம், மைக்ரோவேவும் வேண்டாம். பாட்டி பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) புகட்டட்டும்.

உங்கள் சாப்பாடும் கணக்கில் வரும். கரோட்டினாய்டுகள் நீங்கள் சாப்பிடுவதைப் பொறுத்துக் கூடும், குறையும். முருங்கைக்கீரை, பரங்கிக்காய், மாம்பழம், கொய்யா, நெல்லிக்காய் எல்லாம் நல்லது. குளிர்ச்சி என்று பழத்தை ஒதுக்காதீர்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை என்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

அப்புறம் ஒன்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளைக்கு நாலு தடவை அங்கே போய் வரலாம் என்று 2017-ல் திருத்திய மகப்பேறு உதவிச் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக இப்போது வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. வேலையில் சேரும் முன்பே மேற்பார்வையாளரிடம் இதைக் கேளுங்கள். அந்த வசதி கிடைத்தால் பாதிப் பாலைப் பீய்ச்சி வைக்கவே வேண்டியிருக்காது.